குளியல் தொட்டியை எடுத்துவிட்டு ஷவர் வைக்க என்ன செலவாகும்?

வீட்டில் ஒரு மராமத்து வேலை வந்தால் பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “எவ்வளவு ஆகும்?” என்பதுதான். மேஸ்திரி வருவார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், ஒரு தொகையைச் சொல்வார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் குளியலறை வேலையின் கணக்கில் பெரும்பகுதி, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல்தான். அழுத்தம், தன்வெப்பம், உராய்வு, மின்தடை ஆகியவற்றை அறிந்த ஒரு மாணவர், எந்தச் செலவைக் குறைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று வீட்டாருக்குச் சொல்லிவிடலாம். ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போமா?

குன்னூரில் நான் போய்ப் பார்த்த வீடு அது. கணக்கு எளிதாகும்படி அளவுகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். ஆங்கிலேயர் காலத்துக் கட்டடம். முதல் மாடியில் குளியலறை. அதில் வெள்ளை எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்று. வீட்டில் நால்வர்: அப்பா, அம்மா, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள், 74 வயதான பாட்டி. தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து 50 செ.மீ. உயரம். பாட்டி குளிக்கப் போகும்போதெல்லாம் மருமகள் கூடவே போக வேண்டியிருக்கிறது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். நாம் நிற்கும்போது நமது ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் செங்குத்துக் கோடு, இரு பாதங்களுக்கும் இடைப்பட்ட பரப்புக்குள் விழ வேண்டும். விழுந்தால்தான் சாயாமல் நிற்போம். விளிம்பைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியதும் அந்தப் பரப்பு ஒரே ஒரு பாதத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. தூக்கிய காலை ஊன்றும் இடமோ, சோப்பு நீர் படிந்த, வளைந்த, வழவழப்பான எனாமல். இளையவர்கள் நொடிப் பொழுதில் உடலை வளைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். 74 வயதில் அது எளிதல்ல. எனவே இந்த வேலையின் நோக்கம் அழகு அல்ல. அந்த 50 செ.மீ. விளிம்பை இல்லாமல் செய்வதுதான். கடைசிவரை இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் போடும்போது நோக்கம் மறந்துபோனால், டைல்ஸ் கடையில்தான் அது முதலில் மறந்துபோகும்.

தண்ணீர் மிச்சமாகுமா?

“தொட்டியை விட ஷவருக்குத் தண்ணீர் குறைவு, அதனால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பிவிடும்” என்று கடைக்காரர் சொல்வார். அளந்து பார்ப்போம்.

தொட்டியின் உட்புறம் 1.2 மீ. நீளம், 0.5 மீ. அகலம். 30 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமானால் கன அளவு 1.2 x 0.5 x 0.3 = 0.18 கன மீட்டர், அதாவது 180 லிட்டர். ஆனால் உள்ளே ஆள் படுத்திருக்கிறார் அல்லவா? ஆர்க்கிமிடீஸை நினைத்துக்கொள்ளுங்கள். உடலில் சுமார் 40 லிட்டர் பகுதி நீருக்குள் மூழ்கியிருந்தால், குழாயிலிருந்து பிடிக்க வேண்டியது 140 லிட்டர்தான்.

இனி ஷவர். இதற்கு ஒரு வாளியும் கடிகாரமும் போதும். அண்டை வீட்டு ஷவரின் கீழ் 15 லிட்டர் வாளியை வைத்தபோது 90 வினாடியில் நிரம்பியது. அதாவது நிமிடத்துக்கு 10 லிட்டர். எட்டு நிமிடம் குளித்தால் 80 லிட்டர். தொட்டியை விடக் குறைவுதான். ஆனால் பாட்டு பாடிக்கொண்டே 14 நிமிடம் நின்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஷவர் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது என்று சொல்வதே சரியில்லை. மிச்சப்படுத்துவதும் வீணாக்குவதும் குழாயை மூடும் கைதான்.

இதுகூடப் பெரிய விஷயமில்லை. குன்னூர் வீட்டில் தொட்டியை நிரப்பி யாராவது குளிக்கிறார்களா என்று விசாரித்தேன். ஒருவரும் இல்லை! தொட்டிக்குள் நின்றுகொண்டு, வாளியில் வெந்நீர் விளாவி, செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறார்கள். ஆளுக்கு இரண்டு வாளி, 30 லிட்டர். ஆகவே 140 லிட்டர் 80 ஆகக் குறையும் என்பது காகிதத்தில் மட்டும் வரும் லாபம். உண்மையில் 30 லிட்டர் 80 ஆக உயரப் போகிறது. எந்தப் பட்ஜெட்டிலும், இப்போது நிஜமாக நடப்பது எதுவோ அதையே தொடக்கப் புள்ளியாக வைக்க வேண்டும்.

வெந்நீருக்கு எத்தனை யூனிட்?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோ ஜூல் வெப்பம் தேவை. குன்னூரில் காலையில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி வேண்டும். வித்தியாசம் 25 டிகிரி. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோ ஜூல்.

வாளிக் குளியலுக்கு 30 x 4.2 x 25 = 3,150 கிலோ ஜூல்; ஏறத்தாழ 0.88 யூனிட். எட்டு நிமிட ஷவருக்கு 80 x 4.2 x 25 = 8,400 கிலோ ஜூல்; 2.33 யூனிட். ஒரு யூனிட் 6 ரூபாய் என்று கொண்டால், வாளிக்கு ஐந்தேகால் ரூபாய், ஷவருக்கு 14 ரூபாய். நாலு பேருக்குச் சேர்த்து நாளொன்றுக்கு 35 ரூபாய் கூடுதல்; மாதத்துக்கு 1,050. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறும் என்பதை மறக்காதீர்கள். பணம் திரும்பி வரும் என்று சொன்னார்களே, அது திரும்பவில்லை, மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது.

இதே கணக்கைச் சென்னையில் போட்டால் விடை வேறு. அங்கே தண்ணீர் 27 டிகிரி என்றால் வித்தியாசம் 13 டிகிரிதான். அதுவும் வருடத்தில் சில மாதங்களுக்கு மட்டும். உங்கள் ஊர்த் தண்ணீரில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

அடுத்து கீசர். அந்த வீட்டில் இருப்பது 25 லிட்டர் கீசர். அதில் 60 டிகிரியில் வெந்நீர் இருக்கிறது. இதை 15 டிகிரித் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். வெந்நீர் இழக்கும் வெப்பம், தண்ணீர் பெறும் வெப்பத்துக்குச் சமம்: 25 x 20 = தண்ணீர் x 25. எனவே 20 லிட்டர் தண்ணீர் சேர்க்கலாம். மொத்தம் 45 லிட்டர். வாளிக் குளியலுக்கு இது தாராளம். ஷவருக்கோ நாலரை நிமிடத்தில் தீர்ந்துபோகும். தலையில் சோப்பு இருக்கும்போது குன்னூர்க் குளிர் நீர் கொட்டும்! “பெரிய கீசர் வாங்க வேண்டும்” என்ற புதுச் செலவு இப்படித்தான், வேலை முடிந்த மறுநாள் காலையில், முளைக்கிறது.

தொட்டியில்லாத சின்ன ‘இன்ஸ்டன்ட்’ கீசர் போதுமே என்று சிலர் கேட்கலாம். அது 3 கிலோவாட் என்றால் வினாடிக்கு 3 கிலோ ஜூல் தரும். 25 டிகிரி உயர்த்த லிட்டருக்கு 105 கிலோ ஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர். இது ஷவர் அல்ல, ஒழுகல். பிரிட்டனில் மின்சார ஷவர்களை 8, 9, 10 கிலோவாட் அளவில் செய்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்த வகுத்தல் கணக்குதான்.

மாடித் தொட்டியின் உயரம்

மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம், குளியலறைத் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஷவரை 2 மீட்டர் உயரத்தில் வைத்தால் நீர்மட்ட வித்தியாசம் வெறும் 2 மீட்டர். அழுத்தம் 2 x 1,000 x 9.8 = 19,600 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு! கடையில் கண்ணைப் பறிக்கும் அகலத் தட்டு ஷவர்கள் பல, ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. அவற்றை இங்கே மாட்டினால் நூறு துளைகளிலிருந்தும் சோகமாகச் சொட்டும்.

உடனே “பம்பு வைத்துவிடலாம்” என்பார்கள். பம்பு வைத்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர் வரலாம். அப்போது கீசர் மூன்று நிமிடத்தில் காலி. அதற்குப் பெரிய கீசர். அதற்குக் கூடுதல் மின்சாரம். ஒரு செலவு இன்னொரு செலவைக் கையைப் பிடித்து அழைத்து வரும் வேடிக்கையைக் கவனியுங்கள்.

காசில்லாமல் அழுத்தத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு. பாட்டி நின்று குளிக்கத் தேவையில்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வளையும் குழாயுள்ள கை ஷவரைப் பிடித்துக்கொள்ளலாம். ஷவர் முனை இப்போது தரையிலிருந்து 1 மீட்டர். நீர்மட்ட வித்தியாசம் 2 மீட்டரிலிருந்து 3 மீட்டராகிவிட்டது. அழுத்தம் ஒன்றரை மடங்கு! வால்வைப் பாதி திருகி நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆறு நிமிடத்துக்கு 30 லிட்டர். பழைய வாளிக் கணக்கே திரும்பி வருகிறது. 25 லிட்டர் கீசர் இதற்கு ஒன்பது நிமிடம் தாங்கும்.

குழாய் பதிக்கும்போது மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சுவருக்குள் போகும் குழாய் அரை அங்குலத்துக்குப் பதில் முக்கால் அங்குலமாக இருந்தால், அதே அளவு நீர் போகும்போது உராய்வினால் இழக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறையும். விலை வித்தியாசமோ சில நூறு ரூபாய். பின்னால் மாற்ற வேண்டுமென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். இன்னொன்று: வெந்நீர், தண்ணீர் இரண்டும் ஒரே மாடித் தொட்டியிலிருந்து வரட்டும். அழுத்தம் வேறுபட்டால் பலமானது மற்றதைப் பின்னுக்குத் தள்ளும். சூடு நிலையாக இராது.

கண்ணுக்குத் தெரியாத தரை

தொட்டி இருந்தவரை தண்ணீர் ஒரு பாத்திரத்துக்குள் அடங்கியிருந்தது. அதை எடுத்துவிட்டால் தரையே பாத்திரமாகிறது, சுவரும் நனைகிறது. ஆகவே சுவரில் ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் வேண்டும். டைல்ஸ் மட்டுமே தண்ணீரைத் தடுத்துவிடும் என்று எண்ணுவது தவறு. டைல்களுக்கு நடுவேயுள்ள இணைப்புகளில் நீர் கசியும். சிமெண்டிலும் செங்கல்லிலும் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. நுண்புழை ஏற்றம் படித்திருப்பீர்கள். 0.01 மி.மீ. ஆரமுள்ள சுத்தமான நுண்குழாயில் தண்ணீர் ஒன்றரை மீட்டர் வரை ஏறும். கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் படர்வதும், சுவரில் சுண்ணாம்பு உரிவதும் இதனால்தான். டைல்ஸுக்கு அடியில் பூசும் நீர்க்காப்புப் பூச்சுதான் உண்மையான தடுப்பு. அதை யாரும் பார்க்கப் போவதில்லை. விருந்தாளி பாராட்டப் போவதுமில்லை. அதனாலேயே பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டப்படுவது அதுவாக இருக்கிறது.

தரைக்கு வாட்டம் வேண்டும். மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு செ.மீ. இறக்கம் இருந்தால் நீர் நஹானி டிராப்பை நோக்கி ஓடும். அந்த டிராப்பில் நிற்கும் ஐந்து செ.மீ. தண்ணீர்தான் சாக்கடை வாயுவை உள்ளே வரவிடாமல் தடுக்கும் கதவு. சிமெண்ட் தளம் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. எனவே ஒரு வாரம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் நாலு பேரும் எங்கே குளிப்பது? இதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

டைல்ஸ் வாங்குமுன் ஒரு சோதனை. இரண்டு மூன்று மாதிரி டைல்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றின் மேல் சோப்பு நீர் தடவி, ரப்பர் செருப்பு ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு செங்கல்லை வையுங்கள். டைலின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். செருப்பு நழுவத் தொடங்கும்போது, உயர்ந்த முனையின் உயரத்தை அதற்கு நேர் கீழே வரையுள்ள கிடைத் தூரத்தால் வகுத்தால் உராய்வுக் கெழு கிடைக்கும். வெறுங்காலுக்கு இந்த எண் மாறும். ஆனால் எந்த டைல் அதிகம் வழுக்கும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பளபளப்பான டைல் பெரும்பாலும் தோற்கும்.

பிடிமானத்துக்குச் சுவரில் ஒரு கம்பி. பாட்டியின் எடை 55 கிலோ என்றால் விசை 540 நியூட்டன். சட்டென்று தொங்கினால் அது இரு மடங்காகலாம். ஆகவே கம்பி, டைலில் ஒட்டிய ரப்பர் உறிஞ்சியில் அல்ல, சுவரின் கல்லில் திருகாணியால் இறங்கியிருக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரே கணக்கு. நனைந்த உடலின் தடை 1,000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட் பட்டால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க இது போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்ததுமே நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் கீசர் இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். சரியான எர்த் இணைப்பும் வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் இரண்டையும் புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும்.

இனி மதிப்பீடு

கீழ்க்கண்டது ஒரு மாதிரிக் கணக்கு. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டியை உடைத்து அப்புறப்படுத்த: ரூ. 6,000
குழாய்களும் பிளம்பர் கூலியும்: ரூ. 12,000
தளம், வாட்டம், நீர்க்காப்பு: ரூ. 14,000
டைல்ஸ் 92 சதுர அடி, அடிக்கு ரூ. 60 வீதம்: ரூ. 5,520
டைல்ஸ் பதிக்கும் கூலி, அடிக்கு ரூ. 50 வீதம்: ரூ. 4,600
ஷவரும் கலப்பான் குழாயும்: ரூ. 7,000
பெரிய கீசர்: ரூ. 12,000
வயரிங், எர்த், ஆர்.சி.சி.பி.: ரூ. 5,000
கைப்பிடிக் கம்பிகள், ஸ்டூல்: ரூ. 3,500
மொத்தம்: ரூ. 69,620

வரவும் ஒன்று உண்டு. வார்ப்பிரும்பு கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையுள்ளது. மாடிப்படியில் முழுத் தொட்டியை இறக்க முயலாமல், சம்மட்டியால் அங்கேயே உடைத்துத் துண்டுகளாக எடுத்துவிடலாம். (எனாமல் சில்லுகள் கண்ணாடி போல் வெட்டும், வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.) 120 கிலோ இரும்பைக் கிலோ 25 ரூபாய்க்குக் காயலான் கடையில் போட்டால் ரூ. 3,000. ஆக ரூ. 66,620. இதோடு எதிர்பாராச் செலவுக்கு 15 சதவீதம். தொட்டிக்கு அடியில் அரித்துப்போன குழாய் இருக்குமா, தளத்தில் விரிசல் இருக்குமா என்பது தொட்டியை எடுத்த பிறகுதான் தெரியும். அதற்காக ரூ. 9,993. ஆக மொத்தம் ஏறத்தாழ ரூ. 76,600.

அந்த வீட்டில் ஒதுக்க முடிந்த பணம் 60,000. எதை விடுவது?

பெரியவர்கள் முதலில் தொட்டது நீர்க்காப்பு. “இத்தனை வருடம் ஒழுகவில்லையே” என்றார்கள். இத்தனை வருடம் தரை நனையவே இல்லை என்பதுதான் காரணம். மகள் நோட்டை எடுத்து வேறு விதமாகக் குறைத்தாள். கை ஷவரும் நிமிடத்துக்கு 5 லிட்டரும் என்று முடிவு செய்தால் பெரிய கீசர் வேண்டியதில்லை, 12,000 போயிற்று. அகலத் தட்டு ஷவருக்குப் பதில் சாதாரணக் கை ஷவர், பாதி விலை, 3,500 போயிற்று. மீதி 54,120. இரும்பு விற்ற பணம் போக 51,120. பதினைந்து சதவீதம் சேர்த்தால் ரூ. 58,788. நீர்க்காப்பு, ஆர்.சி.சி.பி., கைப்பிடிக் கம்பி மூன்றும் அப்படியே இருக்கின்றன. மின்கட்டணமும் ஏறாது. எதிர்பாராச் செலவுத் தொகையில் நல்ல டைல்ஸாக வாங்கலாமே என்று ஒரு யோசனை வந்ததாம், அம்மா மறுத்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன்.

கடைசியாக, காசே செலவில்லாத ஒரு சோதனை. நீர்க்காப்புப் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, டைல்ஸ் பதிக்கும் முன், டிராப்பின் வாயை அடைத்துத் தரையில் சில செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுவார்கள். சுவரில் பென்சிலால் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தால், “ஆவியாகிப் போயிருக்கும்” என்று மேஸ்திரி சொல்லக்கூடும். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அதனால் முதல் நாளே, பக்கத்தில் ஒரு அகன்ற தட்டிலும் தண்ணீர் வைத்து மட்டத்தைக் குறித்துவிடுங்கள். அதே அறை, அதே காற்று. இரண்டிலும் ஆவியாதல் ஏறத்தாழ ஒன்றுதான். தட்டில் 2 மி.மீ. இறங்கி, தரையில் 7 மி.மீ. இறங்கியிருந்தால் மீதி 5 மி.மீ. எங்கே? தரையின் பரப்பு 1.2 சதுர மீட்டர் என்றால் அது 6 லிட்டர். கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். அதுவரை டைல்ஸ் பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.